கரைவாகு மணலும் கொண்டவட்டவான் நீரும்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களின் வரலாற்றை எழுதுவோர் வயலையும் கடலையுமே பேசுவர். மேற்கே கரைவாகு வட்டை. கிழக்கே வங்கக் கடல். இடையே ஒடுங்கிய மணற்றிடல். அம்மணலுக்குள் கிடந்த நன்னீரை எண்ணியோர் சிலரே.

மணலில் பெய்த மழை கீழிறங்கி, உவர்நீரினும் கனம் குறைந்ததாகையால் அதன்மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே அது ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு என்பது நீரியலார் கணக்கு. மேலே ஓரடி தாழ்ந்தால் இழப்பு ஓரடியன்று. வாளியால் அள்ளிய நாளில் இவ்விருப்புக் கெடவில்லை. குடிகள் பெருகி, கிணறும் மலகூடக் குழியும் ஒரே வளவுக்குள் நெருங்கியபோதுதான் கேடு தொடங்கிற்று.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1974 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டு, 1975 சனவரியில் பணி தொடங்கியது. பெயரிலேயே இரு கடமைகள். முதற் கடமைக்காகச் சபை நாடியது அம்பாறையிலுள்ள கொண்டவட்டவான் குளத்தை. பழம்பெருங் குளம் அது. பயிர்ச்செய்கையில் தவறிழைத்தோர் இறுக்க வேண்டிய தண்டத்தைக் கூறும், 10 ஆம் நூற்றாண்டில் ஆண்ட நான்காம் தப்புல மன்னனின் தூண் கல்வெட்டு அங்கே கிடைத்தது. வயலுக்கு நின்ற அந்நீரே சுத்திகரிக்கப்பட்டுக் கடற்கரை வீடுகளின் குசினிவரை வந்தது.

2004 திசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரைக் கிணறுகளை உவராக்கிற்று. உதவ வந்தோர் இயந்திரங்கொண்டு இறைத்தனர். நல்லெண்ணந்தான், ஆயினும் மீண்டும் மீண்டும் இறைப்பது பயன் தரவில்லை என்றும், சில வேளை அடியிலிருந்த உவரையே மேலே இழுத்தது என்றும் ஆய்வாளர் பின்னர் கண்டனர். கிணறுகளைத் தேற்றியது மாரி மழையே.

குழாய் வந்தபின் கிணறு எதற்கு என்பாரும் உளர். நான் உடன்படேன். குழாய் நீர் வந்த வீட்டில் குளிப்பும் கழுவலும் கூடும். கூடிய கழிவுநீர் அதே மணலுக்குள்தான் இறங்கும். நீர் வருவதற்கு அமைந்த அளவில், அது போவதற்கு வழி அமையவில்லை. சபையின் பெயரிலுள்ள இரண்டாம் சொல் இக்கரையில் பின்தங்கியே நடந்தது.

குப்பையோ உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. வீட்டோடு வீடு ஒட்டிய திடலில் அதைக் கொட்ட இடமேது? நீர் உள்நாட்டிலிருந்து வருகின்றது. குப்பை உள்நாட்டுக்குப் போகின்றது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் குவிந்த குப்பையில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் மாண்ட செய்தி 2022 சனவரியில் உலகெங்கும் பரவிற்று.