பாத்திரமும் நிறமும்: சிங்கப்பூர் மேடையில் தமிழர்

நியூயார்க்கில் பிறந்த கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ், 1833ஆம் ஆண்டு இலண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் ஒத்தெல்லோவாக மேடையேறினார். வெள்ளை நடிகர்கள் முகத்தில் கருமை பூசிக்கொண்டு அப்பாத்திரத்தை ஏற்பது அந்நாளைய வழக்கம். இலண்டன் இதழ்கள் சில அவரை இழித்துரைத்தன. பின்னாளில் அவர் ஐரோப்பிய நாடுகளில் இலியர் மன்னனாகவும் ஷைலக்காகவும் நடித்துப் பெரும்புகழ் எய்தினார். சிறுபான்மைக் கலைஞருக்கு மேடையில் இடம் உண்டா என்னும் வினாவோடு, அவ்விடம் எத்தகையது என்னும் வினாவையும் அவர் வாழ்வு எழுப்புகிறது.

அவ்வினா சிங்கப்பூருக்கும் உரியது. தமிழ் நாடகத்துள் தமிழர் எல்லாப் பாத்திரங்களையும் ஏற்றனர். புதுமைதாசன் என்னும் பி. கிருஷ்ணனின் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' வானொலித் தொடர், அடுக்குமாடி வாழ்வைத் தமிழ்க் குடும்பத்தின் நகையும் சிக்கலுமாக இல்லந்தோறும் கொண்டுசேர்த்தது. பல இனத்தார் ஒருங்கே கூடும் பொதுமேடையில் தமிழர் எவ்வாறு தோன்றுவர் என்பதே எஞ்சிநின்ற கேள்வி.

1988இல் குவோ பாவ் குன் அதற்கு விடை கண்டார். பூனையைத் தேடும் தாய் ஒருத்தியைப் பற்றிய அவரது நாடகத்தில் மாண்டரின், ஹொக்கியன், ஆங்கிலம் முதலியவற்றுடன் தமிழும் ஒலித்தது. ஹொக்கியன் பேசும் தாயும் தமிழ் பேசும் முதியவரும் சந்திக்கின்றனர். இருவருமே தத்தம் பூனையைத் தேடுபவர்கள். ஒருவர் மொழி மற்றவர்க்குப் புரியாவிடினும், சைகையாலும் குரலாலும் துயரைப் பகிர்கின்றனர். தேக்காவில் நாள்தோறும் கேட்கும் தமிழ், அம்மேடையில் நகைப்புக்குரிய ஒலியாகாமல் ஒரு மனிதரின் நெஞ்சக் குரலாக நின்றது. 2000ஆம் ஆண்டு அவரும் தி. சசிதரனும் தொடங்கிய நடிப்புப் பயிற்சித் திட்டம், கேரளத்தின் கூடியாட்டத்தைப் பெய்ஜிங் இசைநாடகம், ஜப்பானிய நோ, ஜாவானிய வயாங் வோங் ஆகியவற்றுக்கு இணையான பாடமாக்கியது.

எனினும் வழி முற்றும் செப்பனிடப்படவில்லை. 2017இல் நடிகர் ஷ்ரே பார்கவா, ஒரு திரைப்படத்துக்கான நடிகர் தேர்வில் மிகையான இந்திய உச்சரிப்புடன் நடிக்கத் தம்மைக் கேட்டதாக வெளிப்படையாக எழுதினார். 2019இல் விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் ஒருவர் தோலைக் கருமையாக்கி இந்தியராகத் தோன்றினார். கண்டனம் எழவே அது மீட்டுக்கொள்ளப்பட்டது. முன்னதில் இந்திய நடிகருக்கு உச்சரிப்பு மட்டும் அளிக்கப்பட்டது. பின்னதில் அதுவுமின்றி அவர் இடமே பிறர்க்குச் சென்றது. 1833க்கும் 2019க்கும் இடையே ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கடந்தும், முகப்பூச்சு எளிதில் மறையவில்லை.

பள்ளி நாடகத்திற்குப் பாத்திரம் பகிரும் ஆசிரியரும் இவ்வரலாற்றின் பங்காளரே. கடைக்காரர், காவலாளி ஆகிய வேடங்கள் யாருக்குச் செல்கின்றன, அரசனும் அறிஞனும் யாருக்கு வாய்க்கின்றனர் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. மேடையில் தன்னை எவ்வாறு காண்கிறதோ, அவ்வாறே அக்குழந்தை தன்னை மதிக்கக் கற்றுக்கொள்கிறது.