உடற்பயிற்சியில் ஓய்வின் அலகு: நாளா, திசுவா?

வாரத்தில் ஒரு நாள் உடற்பயிற்சிக்கு விடுப்பு வேண்டும் என்பது இன்று ஏறத்தாழ விதியாகிவிட்டது. பளு தூக்கும் இளைஞரும் அதைச் சொல்கிறார். பூங்காவில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வீடு திரும்பும் பெரியவரும் சொல்கிறார். முன்னவருக்குப் பொருந்தும் கணக்கைப் பின்னவருக்கும் அப்படியே பொருத்தியதில்தான் குழப்பம். உடல் கேட்பது ஏழில் ஒரு நாளை அன்று. சுமை ஏறிய திசு மீள்வதற்கான நேரத்தை. அந்நேரம் திசுவுக்குத் திசு வேறுபடும். மிதமான நடைக்கோ முழுநாள் விடுப்புக்கு உடலியல் காரணம் எதுவும் இல்லை.

தசையிலிருந்து தொடங்கலாம். பளுப் பயிற்சிக்குப் பின் தசையில் புரதம் உருவாகும் வேகத்தை ஸ்டூவர்ட் பிலிப்ஸ் குழுவினர் 1997இல் அளந்தார்கள். மூன்று மணி நேரம் கழித்து அது ஓய்வுநிலையைவிட 112 விழுக்காடு கூடியிருந்தது; 24 மணி நேரத்தில் 65, 48 மணி நேரத்தில் 34. புரதச் சிதைவும் தொடக்கத்தில் கூடியது, ஆனால் 48 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. ஒரே தசைக்கு இரண்டு நாள் இடைவெளி விடுங்கள் என்ற பயிற்றுநர் வழக்குக்கு இதில் நல்ல ஆதாரம் உண்டு. தசைநாணின் நிலை இன்னும் நுட்பமானது. கடும் பயிற்சிக்குப் பின் முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை அதில் கொலாஜன் உருவாவதைவிடச் சிதைவதே அதிகம் என்று மேக்னுசன், லாங்பெர்க், கியார் ஆகியோர் 2010இல் தொகுத்துக் காட்டினார்கள். அந்தப் பற்றாக்குறை தீருமுன் மீண்டும் மீண்டும் சுமை ஏற்றினால், குதிகால் தசைநாண் வலியோடு ஓடுபவர்களின் எண்ணிக்கை கூடுவதில் வியப்பில்லை. எலும்பு இவற்றுக்கு நேர்மாறு. ராப்ளிங், பர், டர்னர் ஆகியோர் எலிகளில் செய்த 2001ஆம் ஆண்டு ஆய்வில், சுமைக்கு எலும்பு காட்டும் உணர்திறன் எட்டு மணி நேர இடைவெளியிலேயே முழுமையாக மீண்டது. போதிய மாவுச்சத்து கிடைத்தால் தசையின் கிளைக்கோஜன் இருப்பும் ஏறத்தாழ ஒரு நாளில் நிரம்பிவிடும்.

எட்டு மணி, ஒரு நாள், ஒன்றரை நாள், இரண்டு நாள். இவற்றில் எதுவும் வாரக் கணக்கில் ஓடவில்லை. வாரம் என்பது சமூகம் வகுத்த அலகு. ஞாயிறன்று ஜிம் பூட்டியிருப்பதற்குத் தசையைக் காரணம் காட்ட முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். இன்று கால், நாளை தோள் என்று மாற்றி மாற்றிச் செய்பவருக்கு ஒவ்வொரு தசைக்கும் இடைவெளி கிடைத்துவிடுகிறதே, அவருக்கு முழு ஓய்வு எதற்கு? மறுப்பில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைக் கார்ல் ஃபாஸ்டரின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையில் காணலாம். பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று பயில்பவரே தரும் மதிப்பெண்ணை நிமிடக் கணக்கால் பெருக்கி அவர் அன்றாடச் சுமையைக் கணித்தார். வாரத்தின் சராசரிச் சுமையைத் திட்ட விலக்கத்தால் வகுத்து, பயிற்சி எந்த அளவு ஒரேமாதிரி ஓடுகிறது என்பதற்கு ஓர் எண் கண்டார். மொத்தச் சுமையும் இந்த எண்ணும் சேர்ந்து உயர்ந்த வாரங்களை ஒட்டி விளையாட்டு வீரர்களுக்குச் சிறு நோய்கள் வருவதைக் கவனித்தார். அதாவது, சுமையின் அளவோடு அதன் ஏற்ற இறக்கமும் முக்கியம். ஆனால் இந்தச் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது. தினமும் ஒரே அளவு நடப்பவரின் திட்ட விலக்கம் சுழியம். வகுத்தால் விடை எல்லையற்றது. நடப்பதால் யாரும் எல்லையற்ற ஆபத்தில் இல்லை. சுமை கனமாக இருக்கும் இடத்தில்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

விடுப்பே எடுக்காதவர்களுக்கு எடுத்துக்காட்டாக எப்போதும் சொல்லப்படுபவர் ரான் ஹில். 1970 பாஸ்டன் மாரத்தானை வென்ற இந்த ஆங்கிலேயர் 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை, 52 ஆண்டுகளுக்கு மேல், ஒரு நாளும் தவறாமல் ஓடினார். ஓய்வு நாள் தேவையில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா என்பார்கள். அவர் வைத்திருந்த விதியைப் பார்க்க வேண்டும்: ஒரு நாளுக்குக் குறைந்தது ஒரு மைல். மாரத்தான் வீரருக்கு ஒரு மைல் என்பது ஏறத்தாழ ஓய்வுதான். தினம் இரண்டு வேளை ஓடிய ஆண்டுகளிலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளையோடு நிறுத்திக்கொண்டார். நாள்தோறும் ஓட்டம் என்ற பெயருக்குள் சுமையின் ஏற்ற இறக்கம் ஒளிந்திருந்தது. ஆகவே அவருடைய வாழ்க்கை ஃபாஸ்டரை மறுக்கவில்லை என்றே கருதுகிறேன்.

நம் பழைய மருத்துவ நூல்கள் இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வு வைத்திருந்தன. சுசுருத சங்கிதை உடற்பயிற்சியை நாள்தோறும் செய்யச் சொல்கிறது. ஆனால் தன் வலுவில் பாதியளவே. மூச்சு வாய்க்கு ஏறுவது போன்ற குறிகளைக் கொண்டு அந்த எல்லையை அறியலாம் என்றும் சொல்கிறது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயமோ பருவத்துக்கேற்ப அளவை இன்னும் குறைக்கிறது. ஓய்வை நாட்காட்டியில் தேடாமல் அளவுக்குள்ளேயே வைத்த முறை இது. நவீன உடலியலை அவர்கள் முன்கூட்டியே கண்டுவிட்டார்கள் என்று பெருமை பேச வரவில்லை. அந்த எல்லைக்குள் நிற்பவருக்குத் தனி விடுப்பு வேண்டாம் என்ற தருக்கம் மட்டும் இன்றும் செல்லும்.

விடுப்பு வேண்டாம் என்பதற்கு மேலாக, விடுப்பு நீளக் கூடாது என்று சொல்ல வேண்டிய ஒரு கூட்டம் உண்டு: நீரிழிவு உள்ளவர்கள். ஒரு முறை செய்யும் பயிற்சியால் இன்சுலினுக்கு உடல் கூடுதலாக இசைவது ஒன்றிலிருந்து மூன்று நாள் வரைதான் நிற்கும். அதனால் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2016இல், பயிற்சியில்லாத நாள்கள் தொடர்ந்து இரண்டுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. எதிர்ச்சான்றாக 2017இல் ஓ'டோனவன் குழுவினர் வெளியிட்ட ஆய்வைக் காட்டலாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த 63,591 பேரின் தரவில், வாரத்துக்கான பயிற்சி முழுவதையும் ஓரிரு நாளிலேயே முடித்துக்கொண்டவர்களுக்கும் இறப்பு அபாயம், பயிற்சியே செய்யாதவர்களைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்தது. ஐந்து நாள் இடைவெளி அந்தப் பயனை அழிக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் இது நீண்டகால இறப்புக் கணக்கு. வியாழக்கிழமைக் காலைச் சர்க்கரை அளவைப் பற்றி அது எதுவும் பேசவில்லை. நீரிழிவோடு பளுவும் தூக்குபவர் ஒரே தசைக்கு இரண்டு நாள் இடைவெளி விடலாம்; அந்த இடைநாள்களிலும், ஞாயிறு உட்பட, அவர் நடக்க வேண்டும்.