பெங்களூருப் பூங்காக்களில் முதியோர் நடை

பெங்களூரில் பணி ஓய்வு பெற்றவர்கள் வாக்கிங் தொடங்க நினைத்தால் முதலில் பேச்சில் வருபவை லால்பாக்கும் கப்பன் பூங்காவும்தான். இரண்டுமே அதற்காக உருவானவை அல்ல. லால்பாக் 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய அரண்மனைத் தோட்டம். திப்பு சுல்தான் அயல்நாடுகளிலிருந்து செடிகளையும் விதைகளையும் வரவழைத்து அதை வளர்த்தார். 1856-இல் அது அரசுத் தாவரவியல் தோட்டமானது. கப்பன் பூங்காவை 1870-இல் ரிச்சர்ட் சாங்கி என்ற பொறியாளர் அமைத்தார்.

முதியோர் இங்கே பெருகியதற்கு ஊரின் அமைப்பும் ஒரு காரணம். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரம், கோடையிலும் தணிந்த காலை. 1898-இல் பிளேக் நோய் பரவியதும் பசவனகுடியும் மல்லேசுவரமும் அகன்ற தெருக்களோடு எழுந்தன. ஓய்வூதியக்காரர்களின் ஊர் என்ற பெயரும் பெங்களூருக்கு நிலைத்தது. பசவனகுடிக்காரர்களுக்கு லால்பாக் நடை தூரத்திலேயே இருந்தது. நடையை முடித்துவிட்டு, 1924-இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸில் காபி குடிப்பது பலருக்கு நடையின் ஒரு பகுதியாகவே ஆனது.

நடையின் பயனை மருத்துவம் பிறகுதான் கணக்கிட்டது. லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று ஜெரமி மாரிஸ் 1953-இல் காட்டினார். இன்று பலரை மிரட்டும் ‘பத்தாயிரம் அடி’ மருத்துவர்கள் விதித்த அளவன்று; 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிக்கணிப்பானின் பெயரிலிருந்து பரவியது. புதிதாகத் தொடங்கும் முதியவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு. கூடவே, கீழே விழாமலிருக்க, வாரம் மூன்று நாள் உடல் சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி.

முதல் வாரங்களில் சமதளத்தில் பத்து நிமிடம் போதும். பிறகு மெல்லக் கூட்டலாம். லால்பாக்கின் முந்நூறு கோடி ஆண்டுப் பழமையான பாறைமேடு அழகானது. ஆனால் பழகாத மூட்டுக்கு அந்த ஏற்றம் கடினம். ஏரிக்கரைப் பாதையே தொடக்கத்துக்கு ஏற்றது. இதயநோயோ சர்க்கரைநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

இவ்விரு பூங்காக்களையும் கட்டடங்கள் விழுங்காமல் காப்பது 1975-ஆம் ஆண்டின் கர்நாடக அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம். பூங்காவுக்கு எட்டாத புறநகர்களில் வாழும் முதியவர்களுக்குத் தெருவின் நடைபாதைதான் பூங்கா. அதைத் தடுக்கி விழாதபடி செப்பனிட்டுத் தருவது மாநகர நிர்வாகத்தின் கடமை.