வலுவை ஆளும் பயிற்சி
1974 ஆம் ஆண்டு பரிஸ் மோட்டார்க் கண்காட்சியில் ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் ‘911 டேர்போ’ என்னும் காரை வெளியிட்டது. 260 பரிவலு கொண்ட அதன் இயந்திரம் பின்சில்லுகளுக்கும் பின்னால் அமைந்திருந்தது. ஆர்முடுக்கியை மிதித்தால் வலு சற்றே தாமதித்துத் திடீரெனப் பொங்கியெழும். வளைவின் நடுவே அஞ்சிக் காலை எடுத்தாலோ, பாரம் முன்னோக்கிச் சாய, பிடியிழந்த பின்புறம் சுழன்று வீசும். அச்சத்தில் இயல்பாக எழும் செயலே அங்கு ஆபத்தாயிற்று.

அவ்வாண்டிலேயே அந்நிறுவனம் வாடிக்கையாளருக்குச் சாரதிப் பயிற்சியையும் தொடங்கியது. வளைவை அணுகுமுன் நேர்ப்பாதையிலேயே பிறேக்கை அழுத்தி வேகத்தைத் தணித்தல், வளைவினுள் ஆர்முடுக்கியைச் சீராகப் பேணுதல், செல்லவேண்டிய திசையிலேயே பார்வையை நிறுத்தல் என்பன இத்தகைய பயிற்சியின் பாலபாடங்களாகும். மூடிய பந்தயப் பாதையில் வண்டி சுழன்றால் சாரதி பெரும்பாலும் பிழைத்து மீண்டும் பயில்வார். பொதுவீதியில் அவ்வாய்ப்பு அரிது.