பினாங்கில் அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது எப்படி?

ஜோர்ஜ்டவுன் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கும் பொது ஆவணங்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1801-இல் எழுந்த அப்பள்ளிவாசலின் அறக்கொடை நிலங்கள் சரிவர நிர்வகிக்கப்படவில்லை என்ற புகார்களுக்குப் பிறகே, 1905-இல் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கான சட்டம் வந்தது. நிலம் யார் பெயரில் உள்ளது, முடிவு எடுத்தது யார் என்ற கேள்விகள் இன்றும் பழைய கடைவீட்டு வாடகைதாரர்களுக்கும் தோட்டத்துக் கோயில் நிர்வாகத்தினருக்கும் எழுகின்றன.

அதிகாரிகளிடம் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்புவோர் பலர். எந்த ஆவணம் எந்தச் சட்டத்தின் கீழ் கிடைக்கும் என்று தெரிந்து போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

நிலம்: ஒரு நிலத்தின் உரிமையாளரை அறிய நில அலுவலகத்தில் ‘சாரியான் பெர்செண்டிரியான்’ எனப்படும் தனியார் தேடலைச் செய்யலாம். தேசிய நிலச் சட்டம் இதற்கு வழி தருகிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை; கட்டணம் உண்டு. லாட் எண், முக்கிம், பட்டா எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். நிலத்தின் பயன்பாட்டு வகை, அடமானம், கேவியட் போன்றவையும் இதில் தெரியவரும். சான்றிதழாக வேண்டுமானால் ‘சாரியான் ரஸ்மி’ கேட்க வேண்டும்.

மன்றக் கூட்டம்: 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுவாக மக்களுக்குத் திறந்தது. அதன் கூட்டக் குறிப்புகளை மதிப்பீட்டு வரி செலுத்துவோர் பார்வையிடலாம். தீவில் இருப்போர் பினாங்கு மாநகர் மன்றத்தையும், பெருநிலத்தில் இருப்போர் செபராங் பிறை மாநகர் மன்றத்தையும் நாட வேண்டும்.

மற்ற ஆவணங்கள்: இதற்காகவே பினாங்கு தகவல் சுதந்திரச் சட்டம் உள்ளது. 2011 நவம்பரில் மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறிய அச்சட்டம், 2015 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. சிலாங்கூரும் 2011-இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது. மாநில இலாகாக்களிலும் ஊராட்சி மன்றங்களிலும் தகவல் அதிகாரியிடம் பாரம் கொடுத்து விண்ணப்பிக்கலாம். எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் தெரிவிக்க வேண்டும். மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம்.

இந்தச் சட்டத்துக்கு எல்லை உண்டு. போலீஸ், குடிநுழைவுத் துறை, தேசியப் பதிவு இலாகா போன்ற மத்திய அரசு அமைப்புகளை இது கட்டுப்படுத்தாது. 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ் வரும் ஆவணங்களையும் பெற முடியாது. மாநில ஆட்சிக்குழு ஆவணங்கள் அந்த வகையைச் சேர்ந்தவை.

விண்ணப்பிப்போர் கவனிக்க வேண்டியவை: “எல்லாக் கோப்புகளும் வேண்டும்” என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. லாட் எண், கூட்டத் தேதி, அனுமதி எண் எனக் குறிப்பாகக் கேட்க வேண்டும். விண்ணப்பத்தின் நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்வது அவசியம். மறுப்பையும் எழுத்து மூலமாகவே பெற வேண்டும். மேல்முறையீட்டுக்கு அதுவே ஆதாரம்.

காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வந்த பிறகு ஆவணம் தேடினால் அவகாசம் போதாது. கோயில், தமிழ்ப்பள்ளி, குடியிருப்பு நிலங்களின் நிலையை முன்கூட்டியே தேடிப் பார்த்து, நகலைப் பத்திரப்படுத்தி வைப்பதே பாதுகாப்பு.