பூச்சு பொய்யன்று

"பூசி மெழுகாதே" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. செய்த குற்றத்தைச் சொற்களால் மறைக்க முயல்வோரை நிறுத்துவதற்கு அந்த இரண்டு சொற்களே போதும். 'மேற்பூச்சு' என்றால் உள்ளீடற்ற பகட்டு என்றே பொருள் கொள்கிறோம். திருநூலிலும் வெள்ளையடித்த சுவருக்கு நற்பெயர் இல்லை. உறுதியற்ற சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போர் என்று போலி இறைவாக்கினரை எசேக்கியேல் கடிந்துகொண்டார். ஆண்டவர் இயேசு, மறைநூல் அறிஞரையும் பரிசேயரையும் வெள்ளையடித்த கல்லறைகளுக்கு ஒப்பிட்டார். தலைமைச் சங்கத்தின் முன் நின்ற பவுலும், தம்மை அடிக்க ஆணையிட்ட அனனியாவை வெள்ளையடித்த சுவர் என்றே அழைத்தார்.

இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்த நமக்கு, சுவரின்மேல் பூசப்படுவது எதுவாயினும் அது உண்மையை மறைப்பது என்னும் எண்ணம் ஊறிவிட்டது. பூச்சை உரித்துவிட்டால் உண்மை வெளிப்படும் என்றும் நம்புகிறோம். ஆனால் கோயில் சுவர்களின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்தால், இந்த நம்பிக்கையால் நாம் இழந்தவை சில உண்டு என்பது தெரியவரும்.

முதலில் அந்தக் கல்லறைகளையே எடுத்துக்கொள்வோம். அக்கால யூதர்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்தது அழகுக்காக மட்டும் அன்று. பிணத்தையோ கல்லறையையோ தொட்டவர் ஏழு நாள் தீட்டுடையவர் என்பது சட்டம். பாஸ்கா விழாவுக்காக எருசலேமுக்கு வரும் வெளியூர்ப் பயணிகள் அறியாமல் கல்லறையை மிதித்துவிட்டால் விழாவில் பங்குகொள்ள இயலாது. ஆகவே அதற்கு முந்திய அதார் மாதத்திலேயே கல்லறைகளைச் சுண்ணாம்பால் அடையாளமிட வேண்டும் என்று மிஷ்னா நூல் குறிக்கின்றது. அந்த வெண்மை ஓர் எச்சரிக்கை. அது தன் பணியை நேர்மையாகவே செய்தது. ஆண்டவர் கண்டித்தது மனிதரின் உள்ளத்தையே. சுண்ணாம்பின்மீது அவருக்கு வழக்கு ஏதும் இல்லை.

லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரமோ இன்னும் வியப்பானது. வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை தோன்றினால், வீட்டுக்காரர் குருவிடம் சென்று அறிவிக்க வேண்டும். குரு வந்து பார்த்து, வீட்டை ஏழு நாள் பூட்டிவைத்து, மீண்டும் வந்து பார்ப்பார். கறை பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து, பழைய பூச்சைச் சுரண்டி அகற்றி, வேறு கல் வைத்து, புதுச் சாந்து பூசவேண்டும். சுவரைப் பார்வையிடுவது குருத்துவப் பணிகளுள் ஒன்றாக இருந்த காலம் அது! பங்குத்தந்தையர் பலருக்கு அப்பணி இன்றும் நீங்கவில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

சுண்ணாம்பு எவ்வாறு உண்டாகிறது? கடற்கரையில் கிளிஞ்சலையும் உள்நாட்டில் சுண்ணாம்புக்கல்லையும் காளவாயில் இட்டுச் சுடுவர். ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் கல்லிலிருந்து கரியமில வாயு வெளியேறுகின்றது. எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் வார்த்தால் அது கொதித்து நீறாகும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து அரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. கல்லாய்ப் பிறந்தது நெருப்பிலும் நீரிலும் தோய்ந்து, காற்றினால் மறுபடியும் கல்லாகும் இந்தச் சுழற்சியை நம் முன்னோர் வேதியியல் பயிலாமலே அறிந்திருந்தனர். கடுக்காய் ஊறவைத்த நீரும் வெல்லமும் சேர்த்துச் சாந்து அரைத்தனர். செட்டிநாட்டு வீடுகளில் மேல்பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் சேர்ந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பால் இழைத்த சென்னைச் சுவர்களைப் பளிங்குக்கு இணையாகப் பேசினர் அன்றைய ஆங்கிலேயர்.

இத்தகைய பூச்சுக்கு இரண்டு குணங்கள் உண்டு. சுவருக்குள் புகுந்த ஈரத்தை அது அடைத்து வைப்பதில்லை. நுண்ணிய துளைகளின் வழியே ஆவியாக வெளியேற விடுகின்றது. அடுத்து, உப்பும் மழையும் தாக்கும்போது முதலில் தேய்வதும் உதிர்வதும் பூச்சேயன்றிக் கல்லன்று. பூச்சு அழிந்தால் மறுபடி பூசலாம். கல் அழிந்தால் என் செய்வது? ஆண்டுதோறும் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன் நம் ஊர்களில் கோயிலுக்கு வெள்ளையடித்த வழக்கம் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. அவ்வாண்டில் விழுந்த மயிரிழை வெடிப்புகளை அந்தச் சுண்ணாம்பே நிரப்பி மூடியது.

நம் திருச்சபையின் தொடக்க கால நினைவுகளும் இத்தகைய பூச்சின்மீதே எழுதப்பட்டுள்ளன. சிரியா நாட்டில் யூப்ரட்டீசு ஆற்றங்கரையில் தூரா எவுரோப்போசு என்னும் பழைய நகரம் இருந்தது. அங்குக் கிறிஸ்தவர்கள் ஒரு குடியிருப்பு வீட்டையே வழிபாட்டு இல்லமாக மாற்றியிருந்தனர். அவ்வீட்டுப் பூச்சில் கீறப்பட்டிருந்த ஆண்டுக்குறிப்பு கி.பி. 232-233-ஐக் குறிக்கின்றது. உரோமைப் பேரரசில் நம் சமயத்திற்கு உரிமை கிடைத்த 313-ஆம் ஆண்டுக்கு எண்பது ஆண்டுகள் முந்திய காலம் அது. திருமுழுக்கு அறையின் சுவர்களில் நல்லாயனையும், நலம்பெற்ற முடக்குவாதமுற்றவரையும், கடல்மேல் நடந்த ஆண்டவரையும், கல்லறைக்குச் செல்லும் பெண்களையும் தீட்டியிருந்தனர். 256 அளவில் பாரசீகர் முற்றுகையிட்டபோது, உரோமை வீரர்கள் நகர மதிலை வலுப்படுத்த அதை ஒட்டியிருந்த வீடுகளை மண்ணிட்டு நிரப்பினர். நகரம் வீழ்ந்தது, மண்ணுக்குள் ஓவியம் பிழைத்தது. 1931-32-இல் நடந்த அகழாய்வில் அது வெளிப்பட்டது.

அழிக்க வந்த கையே காத்துவிட்ட நிகழ்ச்சிகளும் உண்டு. இங்கிலாந்தில் சீர்திருத்தக் காலத்தில் கோயில் ஓவியங்கள் யாவும் சிலைவழிபாடு எனப் பழிக்கப்பட்டன. ஸ்டிராட்போர்டு நகரின் கில்டு சிற்றாலயத்திலும் உருவங்களைச் சிதைக்க நகராட்சி ஆணையிட்டது. அதற்கு இரண்டு சில்லிங் செலவானதாக 1563-64-ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகிறது. கணக்கை எழுதும் பொறுப்பில் இருந்தவர் ஜான் சேக்சுபியர், நாடகப் பெருங்கவிஞர் வில்லியம் சேக்சுபியரின் தந்தை. ஓவியங்களைச் சுண்ணாம்பு மூடியது. 1804-இல் பழுதுபார்ப்பின்போது அச்சுண்ணாம்பை விலக்கியவர்கள் அடியில் இறுதித் தீர்ப்பு ஓவியத்தைக் கண்டனர். இரு நூற்றாண்டுக்கும் மேலாகப் புகையும் ஒளியும் படாமல் அதைக் காத்தது, ஒழிக்க ஏவப்பட்ட சுண்ணாம்பேயாகும்.

நம் தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதுபோன்று நிகழ்ந்தது. கருவறையைச் சுற்றியுள்ள உள்வீதியில் நாயக்கர் கால ஓவியங்களே இருந்தன. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி அவற்றின் அடியில் சோழர் கால ஓவியங்கள் உறங்குவதைக் கண்டறிந்தார். பின்னாளில் தொல்லியல் துறையினர் மேலடுக்கை அழியாமல் தனியே பெயர்த்தெடுத்து, இரண்டையும் காத்தனர். உரித்தல் என்றால் எப்படி உரிக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல இலக்கணம்.

அவ்விலக்கணம் அறியாத உரித்தல் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஒரு புதுச் சுவை பரவியது. கருங்கல்லும் செங்கல்லும் வெளியே தெரிந்தால்தான் கட்டடம் பழமையானது, நேர்மையானது என்று கருதினர். இங்கிலாந்தின் ஊர்க்கோயில்கள் பலவற்றில் நூற்றாண்டுகளாய் இருந்த பூச்சைச் சுரண்டி எறிந்தனர். பூச்சோடு அதன்மேல் இருந்த ஓவியங்களும் குப்பையாயின. இதைப் பொறாத வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்' என்று அது செல்லமாக அழைக்கப்பட்டது.

அதே சுவை நமக்கு மிக நெருங்கிய ஓர் ஆலயத்தையும் தீண்டியது. கோவாவின் போம் ஜேசு பேராலயம் 1594-இல் தொடங்கப்பட்டு, 1605-இல் பேராயர் அலெய்சோ தெ மெனேசஸ் அவர்களால் அருச்சிக்கப்பட்டது. நம் முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த புனித சவேரியாரின் திருவுடல் அங்கேதான் உள்ளது. அவருடைய வரலாற்றிலும் சுண்ணாம்பு வருகின்றது. 1552 திசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையோரத்துச் சான்சியன் தீவில் அவர் இறந்தபோது, தசை விரைவில் கரைந்து எலும்புகளை எடுத்துச்செல்ல ஏதுவாகும் என்று பெட்டியில் சுண்ணாம்பு இட்டே புதைத்தனர். அடுத்த பிப்ரவரியில் தோண்டியபோது உடல் அழியாதிருக்கக் கண்டனர். மலாக்கா வழியாக அது 1554-இல் கோவா சேர்ந்தது.

அவர் துயிலும் பேராலயத்தை இன்று காண்போர் அதன் செந்நிறச் சுவர்களைப் புகழ்கின்றனர். சுற்றியுள்ள கோயில்கள் வெண்மையாய் ஒளிர, இது ஒன்று மட்டும் சிவந்து நிற்கிறது. ஆனால் கட்டியவர்கள் இதையும் வெள்ளையாகவே விட்டுச் சென்றனர். 1950-களில் போர்த்துகீசிய அரசின் கட்டடக் கலைஞர் பல்தசார் காஸ்திரோ, பழமைத் தோற்றம் வேண்டி வெளிப்பூச்சை அகற்றச் செய்தார். அடியிலிருந்தது செம்புறாங்கல், துளைகள் மிகுந்த கல். கோவாவிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை. மூன்றரை நூற்றாண்டு பூச்சின் அடியில் நலமாயிருந்த கல், எழுபது ஆண்டுகளாக மழையை நேரே குடித்துத் தேய்ந்து வருகின்றது. மீண்டும் பூச வேண்டும் என வல்லுநர் சிலர் வற்புறுத்துகின்றனர். அந்தச் சிவப்பையே பேராலயத்தின் அடையாளமாய்க் கண்டு வளர்ந்த மக்கள் பலருக்கு அதில் உடன்பாடில்லை. 2024 நவம்பர் முதல் 2025 சனவரி வரை நடந்த திருவுடல் காட்சிக்குத் திரண்ட திருப்பயணிகளுள் எத்தனை பேர், அச்சுவர் ஆடை இழந்து நிற்பதை உணர்ந்திருப்பர்?

கோவாவைச் சுட்டும் விரலை நம் பக்கமும் திருப்பியாக வேண்டும். நாம் செய்வது உரித்தலோடு முடிவதில்லை. உரித்த இடத்தில் சிமெண்டைப் பூசுகிறோம். 1824-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட், புதுக் கட்டடத்திற்கு நல்ல நண்பன். சுண்ணாம்பில் கட்டிய பழஞ்சுவருக்கு அது பொருந்தாது. ஈரத்தை அது வெளியே விடுவதில்லை. வெளியேற வழி அடைபட்ட ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறி, உப்பைக் கொண்டுவந்து செங்கல்லை மாவாக்கும்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், நூற்றாண்டு கண்ட கோயிலின் பூச்சு ஆங்காங்கே பொரிந்திருந்தது. திருவிழா நெருங்கியது. மக்கள் மனமுவந்து நன்கொடை தந்தனர். சுண்ணாம்பை முழுவதும் கொத்தி எடுத்து, சிமெண்ட் பூசி, அதன்மேல் எண்ணெய் வண்ணமும் அடித்தோம். சாரத்தில் நின்ற வயது முதிர்ந்த கொத்தனார் ஒருவர் மட்டும் தயங்கினார். "சாமி, வேர்க்கிற உடம்புக்கு மழைக்கோட்டு மாட்டுறீங்க" என்றார். நாம் சிரித்தோம். மறையியலும் மெய்யியலும் கற்ற நமக்குக் கரணை பிடித்தவர் சொல் எடுபடவில்லை. திருவிழாவன்று கோயில் கண்ணைப் பறித்தது. மூன்றாவது மழைக்காலத்தில் உட்சுவரில் ஆளுயரத்திற்கு ஓதம் ஏறியது. பீடத்தின் பின்சுவரில் உப்புப் பூத்தது. மீண்டும் வண்ணம் அடித்தோம், அதுவும் கொப்புளித்தது. அவ்வேளையில் நாம் உண்மையாகவே பூசி மெழுகினோம்! அக்கொத்தனாரைத் தேடியபோது அவர் இறைவனடி சேர்ந்திருந்தார். நமக்குப் பின் வந்த பங்குத்தந்தை இப்போது ஆண்டுக்கு ஒரு பக்கமாகச் சிமெண்டை அகற்றிச் சுண்ணாம்புக்குத் திரும்பி வருகிறார். அரைக்கத் தெரிந்தவர்களைத் தேடுவதே பெரும்பாடு என்கிறார்.

ஆகவே பங்குப்பேரவை அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கோயில் சுவரில் கை வைக்குமுன், அது எதனால் கட்டப்பட்டது என்று கேளுங்கள். உரிக்குமுன் அடியில் ஓவியமோ எழுத்தோ உண்டா என்று ஓரிடத்தில் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். ஒரு சிறு பகுதியில் பூசி, ஒரு மழைக்காலம் பொறுத்திருங்கள். திருவிழாத் தேதி சுவருக்குத் தெரியாது.

ஆதாமும் ஏவாளும் தங்கள் நாணத்தை மறைக்கத் தைத்த இலைகள் போதாவெனக் கண்ட கடவுள், தாமே தோலாடை செய்து அவர்களுக்கு உடுத்தினார் என்று தொடக்க நூல் கூறுகிறது. ஆடையின்றி நிற்பதே உண்மை என்று அவர் அவர்களை விட்டுவிடவில்லை. திருமுழுக்கில் குழந்தைக்கு வெள்ளாடை அணிவிக்கும் நாமும் எதையும் மறைப்பதற்காக அதைச் செய்வதில்லை. அவ்வாடையை மாசின்றிக் காக்குமாறு பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் ஒப்படைக்கிறோம். நம் முன்னோரும் தங்கள் கோயில் சுவர்களுக்கு வெள்ளாடை அணிவித்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தே சென்றனர்.