பத்திரிகைத் தாளில் அரியாலை: எண்ணிமப்படுத்தலும் ஊர் வரலாறும்

யாழ்ப்பாண நகரை ஒட்டிய அரியாலையின் 20ஆம் நூற்றாண்டு வரலாற்றை எழுதப் புகுவோர் பழைய பத்திரிகைகளில் முதலில் புரட்ட வேண்டியது தலையங்கத்தை அல்ல, மரண அறிவித்தல் பக்கத்தை என்பேன். 'அரியாலையைப் பிறப்பிடமாகவும், கொழும்பை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும் சில வரிகளுக்குள் பெற்றோர், மணவழி உறவு, பிள்ளைகள் வாழும் நாடு, தகனம் நடக்கும் மயானம் யாவும் அடங்கிவிடும். அவற்றை ஆண்டுவாரியாகத் தொகுத்தால், ஊரவர் எந்தக் காலத்தில் எங்கே போய்க் குடியேறினர் என்பதை ஊர் அளவிலேயே கணக்கிடலாம். குடிசன மதிப்பீடு இதைச் சொல்வதில்லை.

இதற்கான மூலங்கள் யாழ்ப்பாணத்தில் நிறையவே அச்சாயின. 1841இல் அமெரிக்க மிஷன் 'உதயதாரகை'யைத் தொடங்கியது. 1889இல் சைவ பரிபாலன சபையின் 'இந்து சாதனம்', 1930இல் 'ஈழகேசரி', 1959இல் 'ஈழநாடு' எனத் தொடர்ச்சி அறாமல் வந்தது. அறுந்தது சேமிப்புத்தான். 1981 மே கடைசியிலும் ஜூன் முதலிலும் யாழ். பொது நூலகத்தின் 97,000 வரையான நூல்கள் எரிந்தன. அதே நாட்களில் ஈழநாடு பணிமனையும் எரிக்கப்பட்டது. ஒரு நாளிதழின் சொந்தச் சேமிப்பும் அதைப் பேண வேண்டிய பொது நூலகமும் ஒருசேர அழிந்ததை ஈடுசெய்ய எந்த வருடியாலும் (ஸ்கேனர்) முடியாது.

அடுத்த இழப்பு சத்தமின்றி நடந்தது. போர்க்காலத்தில், 1990களில் யாழ்ப்பாணத்தின் மீது இருந்த பொருளாதாரத் தடையில் அச்சுத்தாள் கிடைக்காமல், கோடிட்ட கொப்பித் தாளில்கூடப் பத்திரிகை அச்சானது. 1995 ஒக்டோபர் 30இல் போரினால் நேர்ந்த பெரும் இடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் அரியாலை ஊடாகக் கண்டி வீதியால் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது, வீடுகளில் கட்டி வைத்திருந்த பத்திரிகைகளை யார் சுமந்திருக்க முடியும்? அந்த ஐந்தாறு ஆண்டுகளின் இதழ்களே இன்று அவசரமாக வருடப்பட வேண்டியவை. அவற்றைக் கறுப்பு வெள்ளையில் வருடினால் கோடும் எழுத்தும் கலந்துவிடும். நிறத்திலேயே எடுக்க வேண்டும்.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து இதழ்களை வருடி எவரும் இலவசமாக வாசிக்கத் தந்தது பெருங்காரியம். ஆனால் வருடிய பக்கம் வெறும் படம். அதற்குள் ஊரின் பெயரைத் தேட, படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் எழுத்துணரி மென்பொருள் வேண்டும். பழைய அச்சில் 'லை' கொம்பு முன்னே நிற்காமல் மேலே சுழித்த வடிவில் இருக்கும். இன்றைய எழுத்து வடிவங்களில் மட்டும் பயிற்றிய மென்பொருள் அரியாலை என்ற பெயரிலேயே தடுக்கி விழும். பெயர் சரியாக வாசிக்கப்பட்டாலும் 'அரியாலையூர்', 'அரியாலைக்கு' என்று வேறு சொல்லோ வேற்றுமை உருபோ சேர்ந்து வருவதால் முழுச்சொல் தேடலில் பல தவறிப்போகும்.

ஆகவே முழுப் பக்கத்தையும் எழுத்தாக்கும் வரை காத்திராமல், மரண அறிவித்தல், கோயில் திருவிழா, காணி விற்பனை ஆகியவற்றை மட்டும் கையால் அட்டவணைப்படுத்தத் தொடங்கலாம். ஊர்ப் பெயர் வராத செய்திகளும் உண்டு. மாம்பழம் சந்தி, புங்கன்குளம், பூம்புகார், நெடுங்குளம் என்று குறிச்சிப் பெயர் மட்டும் இருந்தால், அதை அரியாலையோடு சேர்க்க ஊர் தெரிந்தவர்தான் வேண்டும். சனசமூக நிலைய வாசிகசாலைகளில் இந்தப் பத்திரிகைகளை அன்றன்று வாசித்த மூத்தவர்கள் ஊரிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருக்கிறார்கள். வருடிய பக்கங்களை அவர்களிடம் கொண்டுபோய்க் குறிச்சிப் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பதே முதல் வேலை.